பெர்மிட் யார் சொத்து?

"ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு தம்பி. பிடிக்கலேன்னா வேற கம்பெனிக்கு மாறிக்கலாம். பத்து வருஷம் ஓட்டிட்டா அங்கேயே பி.ஆர். வாங்கிக் குடும்பத்தோட உட்கார்ந்துடலாம்!"

குமராட்சி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் பாடும் பல்லவி இது. கொள்ளிடத்து வெள்ளத்தில் பயிரைப் பறிகொடுத்தவனிடம் இதைப் பாடுகிறார்கள். ஆள்குறைப்பு என்ற பெயரில் ஆலையிலிருந்து வெளியே தள்ளப்பட்டவனிடம் பாடுகிறார்கள். அவன் மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைக்கிறான். மீதிக்கு வட்டிக்காரனிடம் கை நீட்டுகிறான். விமானம் ஏறுகிறான்.

ஏஜெண்ட் கொடுத்த வாக்கு இரண்டு. ஒன்று, முதலாளியை மாற்றிக்கொள்ளலாம். மற்றொன்று, போன நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கலாம். இவை எந்த அளவுக்கு உண்மை? பொய்யென்றால் அந்தப் பொய்யால் கொழுப்பவன் யார்? உழைப்பாளி மக்கள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலாளியை மாற்றும் உரிமையும் நாட்டில் தங்கும் உரிமையும் ஒரே கதவில் போட்ட இரண்டு பூட்டுகள். ஒன்றைத் திறந்து மற்றதைப் பூட்டியே வைத்தாலும் கதவு திறக்காது. இன்று இரண்டு சாவியும் முதலாளியின் இடுப்பில் தொங்குகின்றன. அந்தச் சாவிக்குப் பெயர்தான் பெர்மிட்!

குடிசை மனை சொல்லும் பாடம்

வெளிநாட்டுப் பெர்மிட் சட்டத்தைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் வயல் வரப்பிலேயே அந்தச் சட்டம் நடந்துகொண்டிருந்தது.

பண்ணையாள் என்பவன் யார்? தினக்கூலிக்காரன் இன்று ஒருவர் வயலில் நாற்றுப் பறிப்பான், நாளை இன்னொருவர் வயலில் களை எடுப்பான். பண்ணையாள் அப்படிப் போக முடியாது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் அவன் காலில் ஒரு கட்டு. அதைவிடப் பெரிய கட்டு, அவன் குடிசை நின்ற மனை. மனை மிராசுதாருடையது. வேலையை விட்டால் மனையையும் விட வேண்டும். "கூலியை உயர்த்து" என்று வாய் திறந்தால் அன்று மாலையே குடிசையைப் பிரித்தெறிவார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணை அடிமைத்தனத்தின் கோர முகம். அதன் முதுகெலும்பு இந்த மனைதான்.

சிதம்பரத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு நந்தன் கதை தெரியாதா? கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில், பண்ணையாள் நந்தன் தில்லைக்குப் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கிறான். நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. சாமி கும்பிடப் போவதற்கே எசமானின் உத்தரவு வேண்டும்! நந்தனின் பக்தியைப் பற்றிப் பண்டிதர்கள் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். அந்த உத்தரவுச் சீட்டைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை ஜில்லாவில் 1940களில் பண்ணையாட்கள் சங்கமாகத் திரண்டார்கள். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல், குடியிருப்பவனை மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1971இல் அந்த மனையையே அவனுக்கு உடைமையாக்கும் சட்டம் வந்தது. இவையெல்லாம் எவரும் மனமிரங்கிக் கொடுத்தவை அல்ல. இடையில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அந்தச் சாம்பலைத் தாண்டித்தான் மனை கைக்கு வந்தது.

இதிலிருந்து பாடம் என்ன? யாரிடம் வேலை செய்கிறோம் என்பது வேறு, எங்கே குடியிருக்கிறோம் என்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்த பிறகுதான் தொழிலாளியின் வாய் திறந்தது. மனை தன்னுடையதாக இருந்தால் இந்த ஆண்டை இல்லாவிட்டால் அடுத்த ஊர் வயல். மனை ஆண்டையுடையதாக இருந்தால் கொடுத்ததைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மிராசுதார் இடத்தில் கம்பெனியை வையுங்கள். குடிசை மனை இடத்தில் ஒரு நாட்டையே வையுங்கள். வேலை போனால் நாட்டை விட்டே போக வேண்டும்! அதுதான் பெர்மிட் முறை.

இலங்கை மலையில் 'துண்டு'

இது நேற்று முளைத்த சூழ்ச்சி அல்ல. நூறு ஆண்டுக்கு முன்பே நம் முன்னோர் தலையில் இதைக் கட்டியிருக்கிறார்கள்.

வெள்ளைத் துரைமாரின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் நம் ஜில்லாக்களிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். புதுத் துரை பழைய துரைக்குப் பணத்தைக் கட்டுவான். கடன் தொழிலாளியின் தலையில் அப்படியே இருக்கும், வாங்குபவன் மட்டும் மாறுவான். மாட்டுச் சந்தையில் கைமாறுகிற மாட்டுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? கண்டனங்கள் வலுத்த பிறகு 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

முதல் பூட்டு திறந்தது. உடனே இரண்டாவது பூட்டு விழுந்தது. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த பிரஜா உரிமைச் சட்டம், மலையை வெட்டித் தேயிலை நட்ட நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மக்கள் ஓட்டையும் இழந்தார்கள். 1949இல் வேறொரு சட்டம் கொண்டுவந்து, மனுப் போடுங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்கள். நிபந்தனை என்ன தெரியுமா? 1946 ஜனவரி 1-க்கு முன் கல்யாணமானவர் ஏழு ஆண்டும், ஆகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும்!

லயத்து அறையில் வாழ்ந்த மனிதன் எதைக் காட்டி நிரூபிப்பான்? அவன் பெயர் இருந்தது தோட்டத்துச் செக்ரோலில். செக்ரோல் இருந்தது துரையின் ஆபீசில். தோட்டம் மாறினவன், தாய் தகப்பன் சாவுக்கு ஊருக்கு வந்து திரும்பினவன், பெயரில் ஓர் எழுத்துத் தவறு உள்ளவன் எல்லோரும் தவித்தார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போடப்பட்டன. பிரஜா உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்களை 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மிஞ்சி நின்றவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 55 வயது!

மலேயாவிலும் இதே கதைதான். ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் பிரஜா உரிமை பெறாதவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டை இருந்தது. நிரந்தரமாகத் தங்கலாம் என்று அர்த்தம். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, பிரஜை அல்லாதவன் வேலை செய்யத் தனிப் பெர்மிட் வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தை முடுக்கி விட்டார்கள். இருக்கலாம், ஆனால் பிழைக்கக் கூடாது! பல்லாயிரம் பேர் கப்பலேறி, தாங்கள் பார்த்தேயிராத 'சொந்த ஊருக்கு'த் திரும்பினார்கள்.

இலங்கையில் மாறும் உரிமையைக் கொடுத்துத் தங்கும் உரிமையைப் பறித்தார்கள். மலேயாவில் தங்கும் உரிமையை அட்டையில் கொடுத்து வேலை உரிமையைப் பறித்தார்கள். முடிவு ஒன்றுதான். ஒரு பூட்டுப் போதும் என்பது முதலாளி வர்க்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

63 வயது வரை உழை, ஒரு நாளும் குடியிருக்காதே!

இன்றைய சிங்கப்பூருக்கு வருவோம். ஒர்க் பெர்மிட்டில் போகும் கட்டிடத் தொழிலாளி, கப்பல் பட்டறைத் தொழிலாளி நிரந்தரவாசத்துக்கு மனுப் போடவே முடியாது. மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியாது. அந்நாட்டுப் பிரஜை ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானாலும் மனிதவள அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். இன்னும் மேலான சம்பளத்தில் எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வாங்கியவர்கள் மட்டும் நிரந்தரவாசத்துக்கு மனுப் போடலாம். அப்படியானால் ஏஜெண்ட் பாடிய பி.ஆர். பல்லவி? வெறும் வாய்ப்பந்தல்!

முன்பு ஒர்க் பெர்மிட்காரர் இத்தனை ஆண்டுகள்தான் இருக்கலாம் என்று உச்சவரம்பு இருந்தது. நாட்டையும் தொழிலையும் பொறுத்து 14 முதல் 26 ஆண்டு. 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டு, 63 வயது வரை வேலை செய்யலாம் என்றார்கள். தயாள குணம் என்று சிலர் புகழ்ந்தார்கள். என்ன தயவு இது? இருபது வயதில் போனவன் 43 வருஷம் பாலமும் சுரங்கமும் மாடியும் கட்டலாம். முதுகெலும்பு தேய்ந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு குமராட்சி பஸ் ஏற வேண்டும். 43 வருஷத்தில் ஒரு நாள்கூட நிரந்தரவாசக் கணக்கில் சேராது!

நம் ஊர் ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும், 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் என்ன சொன்னது என்று. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து உழைத்தவன் நிரந்தரத் தொழிலாளி. அமல் நடத்துவதில் ஆயிரம் தில்லுமுல்லு இருக்கலாம், ஆனால் நியாயம் ஏட்டில் ஏறிவிட்டது: உழைத்த நாள் உரிமையாக மாறும். 480 நாள் உழைத்தவனுக்கு ஓர் ஆலையில் நிரந்தரம். நாற்பது வருஷம் உழைத்தவனுக்கு ஒரு நாட்டில் நிரந்தரம் இல்லையா?

கம்பெனியை மாற்றவாவது முடியுமா? நடுவில் மாற வேண்டுமானால் பழைய முதலாளியின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் மாறுவதென்றால், கட்டிடத் தொழிலாளிக்குப் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாளுக்குள் புது முதலாளி விண்ணப்பம் போட்டாக வேண்டும். அந்த இருபது நாளைத் தவறவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அதற்கு முன்பே முதலாளி முந்திக்கொண்டு பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால் அந்த இருபது நாளும் இல்லை.

வாய் திறந்தால் என்ன ஆகும்? 2012 நவம்பரில் சிங்கப்பூரில் சீனாவிலிருந்து வந்த பஸ் டிரைவர்கள் 171 பேர், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கேட்டு வேலைக்குப் போக மறுத்தார்கள். ஐந்து பேரைச் சிறையில் போட்டார்கள். 29 பேருடைய பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பினார்கள். நம் ஆலைகளில் வேலைநிறுத்தம் செய்தால் ஆலைக் கதவைச் சாத்துவான். அங்கே நாட்டின் கதவையே சாத்துகிறான்!

வளைகுடாவில் 'சீர்திருத்தம்'

லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் கபீல், இக்காமா என்ற வார்த்தைகள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கபீல் என்றால் பொறுப்பாளி. அவன் பொறுப்பில்தான் ஆள் அந்த நாட்டில் இருக்கிறான். இருப்பு அட்டையான இக்காமாவைப் புதுப்பிப்பவன் அவன். ஆள் ஓடிவிட்டான் என்று 'ஹுரூப்' எழுதிக் கொடுப்பவனும் அவனே. சம்பளம் கேட்டவன் மீது ஹுரூப் விழுந்தால் ஒரே நாளில் அவன் குற்றவாளி.

உலகம் காறித் துப்பிய பிறகு சில மாற்றங்கள் வந்தன. உலகக் கோப்பைப் பந்தாட்டத்துக்கு மைதானம் கட்டிய கத்தார், 2020இல் பழைய முதலாளியின் சம்மதச் சீட்டு இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் செய்தது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் இருப்பு அட்டையைப் புதுப்பிப்பதும், ஓடிவிட்டான் என்று புகார் எழுதுவதும் முதலாளியின் கையிலேயே விடப்பட்டன. மாறப் போகிறான் என்று தெரிந்ததும் புகார் எழுதினால் போதாதா? சவூதி 2021 மார்ச்சில் கொண்டுவந்த சீர்திருத்தம் வீட்டு வேலைக்காரரையும், டிரைவரையும், தோட்டத்தில் பாடுபடும் விவசாயத் தொழிலாளியையும் சேர்க்காமல் விட்டது. அதிகம் அடிபடுகிறவனுக்குச் சட்டத்தின் நிழல்கூட இல்லை!

நிரந்தரவாசம்? கத்தார் 2018இல் அதற்கும் ஒரு சட்டம் போட்டது. இருபது ஆண்டு வசித்திருக்க வேண்டும், வருமானம் வேண்டும், அரபி தெரிய வேண்டும். இவ்வளவும் இருந்தால் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு? அதிகபட்சம் நூறு பேருக்கு! இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் உழைக்கும் நாட்டில் நூறு! சவூதியோ 2019இல் 8 லட்சம் ரியால் கட்டினால் காலவரையற்ற இருப்பு உரிமை என்று விலைப்பட்டியல் ஒட்டியது. வேர்வை சிந்தினவனுக்கு இல்லை, பணம் வைத்திருப்பவனுக்கு உண்டு. அந்தப் பணம் யாருடைய வேர்வை?

கோட்டு மாட்டியவனுக்கும் இதே கயிறுதான்

"படித்தவனுக்கு இந்தத் தொல்லை இல்லை" என்று நினைக்காதீர்கள். நம் ஊர்ப் பையன் கடன் வாங்கி இன்ஜினீயர் படித்து அமெரிக்கா போகிறான். கம்பெனிதான் அவனுக்காக நிரந்தரவாச மனுவைத் தொடங்க வேண்டும். வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்குத்தான் அந்த உரிமை. அதிலும் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக ஏழு சதவிகிதத்துக்கு மேல் இல்லை. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல பத்தாண்டு நீளம். மனுவின் கடைசிப் படி 180 நாள் நிலுவையில் இருந்தால் அதே மாதிரி வேலைக்கு மாறலாம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கடைசிப் படிக்கே பல ஆண்டு காத்திருக்க வேண்டுமே! அதற்கு முன் மாறினால் புதுக் கம்பெனி பழையபடி முதலிலிருந்து காகிதம் எழுத வேண்டும். வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். ஆகவே அவனும் சம்பள உயர்வு கேட்காமல் தலை குனிந்தே இருக்கிறான். 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி 'தங்க அட்டை' என்று ஒன்றை அறிவித்தார். பத்து லட்சம் டாலர் கொடுப்பவனுக்குத் தனி வழி!

இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிக்கப் போன ஆயிரக்கணக்கான பெண்களின் கதையும் இதுவே. ஏமாற்றுக் கம்பெனிகளின் லைசென்சைச் சர்க்கார் ரத்து செய்தது. குற்றம் செய்தவன் முதலாளி. அறுபது நாளுக்குள் வேறு முதலாளியைத் தேடு, இல்லாவிட்டால் வெளியேறு என்ற தண்டனை தொழிலாளிக்கு! நிரந்தரவாசத்துக்கு ஐந்து ஆண்டு என்று நம்பிப் போனவர்களிடம், அதைப் பத்து ஆண்டாக்கப் போகிறோம் என்று 2025 மே மாதம் வெள்ளை அறிக்கை நீட்டினார்கள்.

அவர்கள் வாதமும் நம் பதிலும்

முதலாளிகளின் வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? நான்கு வாதங்களை அள்ளி வீசுகிறார்கள்.

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே போனான்?" பண்ணையாளும் புரோநோட்டில் கைநாட்டு வைத்தவன்தான்! கடனுக்காக, விரும்பிய இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை ஒருவன் இழந்தால் அது கொத்தடிமை முறை என்று 1976ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்றும் சொல்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கி, ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடப்பவனுக்கு அந்த விளக்கம் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். விமானத்தில் ஏறியதும் அடிமைத்தனம் ஒப்பந்தமாக மாறிவிடுமா?

"முதலாளி லெவி கட்டுகிறான், ஜாமீன் கட்டுகிறான். ஆள் ஓடிவிட்டால் நஷ்டம் இல்லையா?" சிங்கப்பூரில் மலேசியர் அல்லாத ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி ஜாமீன் காட்ட வேண்டும் என்பது உண்மை. அந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? அந்நாட்டுச் சர்க்கார். முதலாளியைச் சிறைக் காவலனாக்கிவிட்டு, காவலனுக்கு நஷ்டம் வருகிறதே என்று கண்ணீர் வடிப்பதா? நல்ல சம்பளமும் மரியாதையும் கொடுத்தால் ஆள் ஏன் ஓடுகிறான்?

"எல்லோரையும் தங்க விட்டால் அந்த ஊர்த் தொழிலாளி என்ன ஆவான்?" அந்த ஊர்த் தொழிலாளியின் கூலியைக் குறைப்பது எது? மாறவும் முடியாத, எதிர்க்கவும் முடியாத ஆட்கள் பக்கத்தில் நிற்பதுதான். கட்டுண்ட கை மலிவாக விற்கும். அந்த மலிவு விலைக்கு மற்றக் கைகளும் இறங்க வேண்டியிருக்கும். கட்டை அவிழ்த்துவிட்டால் இரண்டு கையும் சேர்ந்து கூலி கேட்கும். முதலாளிகள் பயப்படுவது இதற்குத்தான். உள்ளூர்த் தொழிலாளி மேல் உள்ள அன்பு என்பதெல்லாம் கபட நாடகம்.

"பிடிக்காவிட்டால் போகாமல் இருக்கலாமே?" மேட்டுக்குடிப் பண்டிதர்களின் கடைசி வாதம் இது. சுதந்திரச் சந்தை, சுதந்திரப் போட்டி என்று மேடை மேடையாக முழங்குகிறவர்களும் இவர்களே. நெல் விற்கிறவன் நாலு வியாபாரியிடம் விலை கேட்கலாம். பஞ்சு விற்கிறவன் நாலு மண்டிக்குப் போகலாம். உழைப்பை விற்கிறவன் மட்டும் ஒரே வியாபாரியிடம், அவன் சொன்ன விலைக்கே விற்க வேண்டுமாம்! இதுவா சுதந்திரச் சந்தை?

டில்லி என்ன செய்கிறது?

உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2024இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர். உலகில் எந்த நாட்டுக்கும் இவ்வளவு வரவில்லை. இதைச் சொல்லி மந்திரிகள் மார் தட்டுகிறார்கள். ஜனவரி 9-ஐ வெளிநாட்டு இந்தியர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். மேடையில் உட்காருகிறவர்கள் கோடீஸ்வரர்கள். இக்காமா முடிந்து தூதரக வாசலில் நிற்கிறவனுக்கு அந்த மேடையில் இடமில்லை.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1975இலேயே 143ஆம் நம்பர் உடன்படிக்கையில் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலை போன ஒரே காரணத்துக்காக, சட்டப்படி வந்த தொழிலாளியைச் சட்டவிரோதி என்று கருதக்கூடாது. வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடு போட்டாலும் அது இரண்டு ஆண்டைத் தாண்டக்கூடாது. குடிபெயர்ந்த தொழிலாளர் உரிமைகளுக்காக ஐ.நா. 1990இல் ஓர் உடன்படிக்கை கண்டது. இவ்விரண்டையும் இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை. தன் மக்களுக்கு இந்த நியாயம் வேண்டும் என்று தானே கையெழுத்துப் போடாத சர்க்கார், சிங்கப்பூரிடமும் சவூதியிடமும் எந்த முகத்தோடு கேட்கும்?

ஏஜெண்டு விஷயத்திலும் அப்படியே. லைசென்ஸ் பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதன் மீது வரியும் தவிர வாங்கக்கூடாது என்பது விதி. கிராமத்தில் வாங்கப்படும் தொகை என்னவென்று ஒவ்வொரு வட்டிக்கடைக்காரனுக்கும் தெரியும். சர்க்காருக்கு மட்டும் தெரியாதாம்!

நம் வீட்டு வாசலில்

வெளிநாட்டு முதலாளியை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக்கூடாது. மேற்கு ஜில்லா நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஏழைப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்தார்களே, அது என்ன? மூன்று வருஷமும் முடித்தால்தான் கல்யாணத்துக்கு மொத்தப் பணம், நடுவில் போனால் அது கிடையாது. மாறும் உரிமையைப் பறித்த அதே துண்டுச் சீட்டுத்தான்! நெய்வேலியில் காண்டிராக்ட் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுப் பல முறை வேலைநிறுத்தம் செய்தார்கள். காண்டிராக்டர் பெயர் மாறினால் பழைய சர்வீசும் மறைந்துவிடுகிறதே, இது எந்த நியாயம் என்றுதான் அவர்களும் கேட்டார்கள்.

இன்று நம் டெல்டா வயல்களில் நடவு நட மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கட்டிட வேலைக்குப் பீகார், ஒரிசாவிலிருந்து வருகிறார்கள். அவர்களைக் கொண்டுவரும் மேஸ்திரி யார்? பழைய கங்காணியின் பேரன்! அவர்கள் சம்பளத்தையும் அடையாள அட்டையையும் மேஸ்திரி பிடித்து வைத்திருந்தால் அது நமக்கும் சேர்த்துப் போட்ட சுருக்கு. "வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்தான்" என்று முணுமுணுக்கிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். சிங்கப்பூரில் நம் பையனைப் பற்றியும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அவனுக்கு அங்கே என்ன உரிமை கேட்கிறோமோ, அதை இவர்களுக்கு இங்கே கொடுக்க நாம் முதலில் நிற்க வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

1. பெர்மிட் தொழிலாளியின் பெயரிலும் கையிலும் இருக்க வேண்டும். ரத்து செய்யும் அதிகாரம் முதலாளிக்குக் கூடாது. பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறும் உரிமை வேண்டும்.

2. வேலை போனால் வேறு வேலை தேடவும், பாக்கிச் சம்பளத்துக்கு வழக்காடவும் போதிய காலம் அந்நாட்டிலேயே இருக்க உரிமை வேண்டும்.

3. எத்தனை முதலாளி மாறினாலும் உழைத்த ஆண்டுகள் அனைத்தும் தொழிலாளியின் கணக்கிலேயே சேர வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் உழைத்தவருக்குச் சம்பளத்தையும் பட்டத்தையும் பாராமல் நிரந்தரவாச உரிமை வேண்டும்.

4. இந்திய சர்க்கார் மேற்சொன்ன உடன்படிக்கைகளை ஏற்க வேண்டும். ஆள் அனுப்பும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இந்த உரிமைகளை எழுத வேண்டும். ஏஜெண்டுகளின் கொள்ளையைத் தடுக்க வேண்டும்.

5. தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வரும் எந்த மாநிலத் தொழிலாளிக்கும் சமக் கூலி, ரேஷன், இருப்பிடம், சங்கம் சேரும் உரிமை வேண்டும்.

இவை வரும் வரை ஒன்று செய்யலாம். இலங்கையில் நம் மக்கள் தோற்றது காகிதத்தில். காகிதம் துரையிடம் இருந்தது. ஆகவே போகிறவர்கள், போன பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனியுங்கள். பெர்மிட், ஒப்பந்தம், மாதாமாதச் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் ஊரில் இருக்கட்டும். ஏஜெண்டுக்கு ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். புதுப் பெர்மிட் கைக்கு வருமுன் பழைய வேலையை விடாதீர்கள். "பி.ஆர். கிடைக்கும்" என்று சொல்கிறவனிடம், எந்தப் பெர்மிட்டுக்கு, எந்தச் சட்டத்தில் என்று கேளுங்கள். ஏஜெண்டின் நாக்கு அங்கேயே சுருளும்.

குடிசை மனையை மிராசுதாரிடமிருந்து பிரிக்க முடியாது என்றுதான் 1940களில் எல்லோரும் சொன்னார்கள். காலங்காலமாக இருக்கும் வழக்கம் என்றார்கள், நிலமே தரிசாகிவிடும் என்றார்கள். மனை பிரிந்தது. நிலம் தரிசாகவில்லை. இன்றும் விளைகிறது. பெர்மிட்டையும் முதலாளியிடமிருந்து பிரிக்க முடியும். சிதம்பரம் ரோட்டில் ஆரம்பித்துச் சிங்கப்பூர் ரோடு வரை, உழைக்கிறவன் உழைத்த இடத்தில் தலை நிமிர்ந்து குடியிருக்கலாம் என்ற குரல் ஒன்றாக எழ வேண்டும். சங்கக் கூட்டத்தில், டீக்கடையில், களத்து மேட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த விமானத்தில் ஏறப் போகிற தம்பியின் காதில் இது விழட்டும்!